மென்பொருளில் எழுத்துப்பிழை: எதைத் திருத்தலாம், எதில் கை வைக்கக் கூடாது?

2016 பெப்ரவரியில் பங்களாதேஷ் மத்திய வங்கியின் பணம் திருடப்பட்டபோது அதில் 20 மில்லியன் டொலர் எமது நாட்டை நோக்கி வந்த கதை வியாபாரிகள் பலருக்கு நினைவிருக்கும். வங்கியின் கணினிகளுக்குள் புகுந்த திருடர்கள், நியூயோர்க்கிலுள்ள அதன் கணக்கிலிருந்து ஏறத்தாழ 951 மில்லியன் டொலரை வெளியே அனுப்பும்படி கட்டளைகள் கொடுத்திருந்தார்கள். பெரும்பகுதி நியூயோர்க்கிலேயே நின்றுவிட்டது. 81 மில்லியன் பிலிப்பைன்ஸுக்குப் போய்ச் சேர்ந்தது. இலங்கையில் பதிவான ஓர் அமைப்பின் பெயருக்கு அனுப்பிய 20 மில்லியன் அகப்பட்டுக்கொண்டது. 'பவுண்டேஷன்' என்று வரவேண்டிய இடத்தில் 'பண்டேஷன்' என்று எழுதப்பட்டிருந்ததால், இடையிலிருந்த டொய்ச் வங்கி இது சரிதானா என்று திருப்பிக் கேட்டது. அந்தக் கேள்வியோடு திருட்டு வெளிச்சத்துக்கு வந்து, அந்த 20 மில்லியனும் திரும்பிப் போனது.

காசு அனுப்பும் காரியத்தில் பெயரை வாசித்துப் பார்க்க இடையில் யாராவது இருப்பார்கள். நமது கடையில் ஓடும் மென்பொருளுக்குள்ளே ஓர் எழுத்துப்பிழை இருந்தால் அதை வாசித்துப் பார்ப்பவர் யார்? கடைகளுக்கு பில் போடும் மென்பொருளை எழுதிக் கொடுக்கும் பையன்மாருக்கும் கடை முதலாளிமாருக்கும் நடுவில் நின்று பேசும் வேலை எனக்குப் பல வருடங்களாக உண்டு. இந்தக் கேள்விக்கு "யாருமில்லை" என்பதே பெரும்பாலும் பதிலாக இருப்பதைக் கண்டிருக்கிறேன். அதைவிடக் கவலையானது, பிழையைக் கண்டவுடன் "இப்போதே திருத்து" என்று முதலாளி கட்டளையிடுவதும், அந்தப் பையனும் ஒரே அழுத்தில் எல்லா இடத்திலும் மாற்றிவிடுவதும்தான்.

எல்லா எழுத்துப்பிழையும் ஒரே வகையல்ல. மென்பொருளை எழுதுபவர் ஆங்கில எழுத்துக்களில் வரி வரியாக எழுதி வைக்கும் மூலப்பிரதிக்கு மூலநிரல் என்று பெயர். பையன்மார் 'கோட்' என்பார்கள். அதற்குள் தனக்கும் தனக்குப் பின்னால் வேலைக்கு வருபவருக்குமாக அவர் குறிப்புகள் எழுதி வைப்பார். கணினி அந்தக் குறிப்புகளை ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. சாமான் பெட்டியின் பின்புறத்தில் பென்சிலால் எழுதி வைக்கும் கணக்கு மாதிரி. அதில் பிழை இருந்தால் எவரும் எப்போதும் திருத்தலாம். பாவனைக் கைந்நூலில் உள்ள பிழையும் அப்படியே.

அடுத்தது திரையிலும் பில்லிலும் வாடிக்கையாளர் கண்ணில் படும் சொற்கள். இவை கடையின் பெயர்ப்பலகை போன்றவை. பிழை இருந்தால் கடைக்குத்தான் வெட்கம். கொஞ்சம் கவனத்தோடு திருத்திவிடலாம். ஏன் கவனம் என்பதைப் பின்னர் சொல்கிறேன்.

மூன்றாவது வகையில்தான் ஆபத்து இருக்கிறது. மென்பொருளின் ஒரு பகுதி இன்னொரு பகுதியைக் கூப்பிடும் பெயர், தரவு சேமிக்கும் அட்டவணையின் நிரல் தலைப்பு, ஒரு கணினி இன்னொரு கணினிக்கு அனுப்பும் கோப்பிலுள்ள சொல் ஆகியவை இந்த வகை. இது நீங்களும் உங்களுக்குச் சாமான் தருபவரும் பேசி வைத்துக்கொண்ட சாமான் இலக்கம் மாதிரி. இலக்கம் பிழையாகவே இருக்கட்டும், இரு பக்கமும் அதே பிழையோடு எழுதும் வரை சாமான் சரியாக வந்து சேரும். ஒரு பக்கம் மட்டும் திருத்தினால் வராது.

புறக்கோட்டையில் இரும்புச் சாமான் மொத்த வியாபாரம் செய்யும் ஒருவரின் கடையில் நடந்ததைச் சொல்கிறேன். கண்டியில் அவருக்கு ஒரு கிளை உண்டு. இரண்டு இடத்திலும் ஒரே மென்பொருள். கண்டியில் அன்றாடம் நடக்கும் விற்பனையும், கடன்காரர் கட்டிய காசும் இரவில் ஒரு கோப்பாகக் கொழும்புக்கு வந்துவிடும். அறிக்கையில் 'பெற்ற தொகை' என்பதற்கான 'ரிசீவ்ட்' என்ற ஆங்கிலச் சொல்லில் 'ஈ'யும் 'ஐ'யும் இடம் மாறியிருந்தன. ஆங்கிலம் படித்தவர்களும் வழுக்கி விழும் சொல் இது. வருட முடிவில் கணக்காய்வாளர் அதைச் சிவப்புப் பேனாவால் வட்டமிட்டார். முதலாளிக்கு ரோசம் வந்துவிட்டது. "தம்பி, இன்றைக்கே இதைத் திருத்தித் தாங்க" என்று மென்பொருள் எழுதியவரை அழைத்துச் சொன்னார்.

அவரும் வந்து, பிழையான சொல் மூலநிரலில் எங்கெல்லாம் இருந்ததோ அங்கெல்லாம் சரியான சொல்லை ஒரே கட்டளையில் போட்டார். அறிக்கையின் தலைப்பு அழகாக வந்தது. கூடவே, கண்டியிலிருந்து வரும் கோப்பில் எந்த நிரலைப் பார்க்க வேண்டும் என்று மென்பொருளுக்குச் சொல்லும் வரியும் மாறிவிட்டது. கண்டியில் பழைய மென்பொருள் பழைய எழுத்திலேயே கோப்பை அனுப்பிக்கொண்டிருந்தது. கொழும்பிலுள்ளது புதிய எழுத்தில் நிரலைத் தேடியது, காணவில்லை, தொகையைப் பூச்சியமாக எடுத்துக்கொண்டது. ஓர் எச்சரிக்கையும் திரையில் வரவில்லை. கண்டிக் கடையில் கட்டப்பட்ட காசு ஒன்றுமே கடன் கணக்கில் கழிபடவில்லை.

இரண்டு நாள் கழித்து, கடன் அறவிடப் போகும் பையன் கொழும்பில் எடுத்த பட்டியலோடு கண்டிக்குப் போனான். பணம் கட்டியவர்களிடமே மீண்டும் கேட்டான். பெரும்பாலானோர் பற்றுச்சீட்டைக் காட்டிச் சிரித்து அனுப்பினார்கள். இருபது வருடங்களுக்கு மேல் கணக்கு வைத்திருந்த ஒரு வயதானவர் மட்டும் சிரிக்கவில்லை. பற்றுச்சீட்டை மேசையில் வைத்தார், மீதிக் கடனையும் அந்த இடத்திலேயே எண்ணிக் கொடுத்தார், அதன் பிறகு அந்தக் கடைக்கு வரவில்லை. முதலாளி நேரில் போய்ப் பேசியும் பயனில்லை. கொடுத்த காசைத் திரும்பக் கேட்டார்கள் என்ற பேச்சு சந்தையில் என்ன செய்யும் என்பதை உங்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை.

இங்கே எழுத்துப்பிழை பல வருடங்களாக ஒரு கெடுதியும் செய்யாமல் இருந்தது. கெடுதி செய்தது திருத்தம்.

சரியாகச் செய்வதென்றால், கடதாசியில் அச்சாகும் தலைப்பை மட்டும் மாற்றி உள்ளே இருக்கும் பெயரை அப்படியே விட்டிருக்கலாம். உள்ளே இருப்பதையும் மாற்றியே ஆகவேண்டும் என்றால், கொஞ்சக் காலத்துக்குப் பழைய எழுத்து, புதிய எழுத்து இரண்டையும் ஏற்றுக்கொள்ளும்படி கொழும்பிலுள்ளதை முதலில் அமைக்க வேண்டும். அதன் பிறகு கண்டியிலுள்ளதை மாற்ற வேண்டும். எல்லாம் ஓடுகிறது என்று கண்ட பின்னரே பழையதை அகற்ற வேண்டும். கடையின் பெயரை மாற்றும்போது வங்கியில் போய், பழைய பெயருக்கு வரும் காசோலையையும் சில மாதம் ஏற்றுக்கொள்ளுங்கள் என்று கேட்பதில்லையா, அதே காரியம்தான்.

பெரிய இடங்களிலும் இதே கதைதான். இணையத்தில் ஒருவர் கூகுளிலோ பேஸ்புக்கிலோ உள்ள இணைப்பை அழுத்தி உங்கள் கடையின் தளத்துக்கு வந்தால், அவர் எங்கிருந்து வந்தார் என்பதை உலாவி உங்கள் தளத்துக்கு ஒரு சொல்லின் கீழ் அறிவிக்கும். எந்த விளம்பரம் ஆள் கொண்டுவருகிறது என்று பார்க்க உதவும் தகவல் அது. அந்தச் சொல் 'ரெபரர்'. ஆங்கிலத்தில் அதன் நடுவே 'ஆர்' என்ற எழுத்து இரண்டு தடவை வரவேண்டும். 1996 மே மாதம் வெளியான இணைய நெறிமுறை ஆவணத்தில் ஒரு 'ஆர்' விடுபட்ட நிலையிலேயே அது பதிவாகிவிட்டது. பிழை என்று தெரிந்தபோது உலகமெங்கும் மென்பொருட்கள் அந்தப் பிழையான சொல்லையே தேடிக்கொண்டிருந்தன. 2022இல் வெளியான புதிய ஆவணமும் அதே பிழையோடுதான் அதை வைத்திருக்கிறது. வேடிக்கை என்னவென்றால், இதே விடயத்தைக் கட்டுப்படுத்தப் பின்னர் வந்த இன்னொரு கட்டளையில் சொல்லைச் சரியாக, இரண்டு 'ஆர்' போட்டு எழுதினார்கள். இன்று இணையத்தளம் அமைப்பவர்கள் ஒன்றைப் பிழையாகவும் மற்றதைச் சரியாகவும் எழுதப் பழகவேண்டியிருக்கிறது.

யுனிக்ஸ் என்ற பழைய இயங்குதளத்தில் புதிய கோப்பை உருவாக்கும் கட்டளை 'கிரியேட்'. கடைசி 'ஈ' இல்லாமல்தான் அது எழுதப்படும். யுனிக்ஸை உருவாக்கியவர்களில் ஒருவரான கென் தொம்சன், மீண்டும் செய்வதானால் எதை மாற்றுவீர்கள் என்று கேட்கப்பட்டபோது அந்த 'ஈ'யைத்தான் குறிப்பிட்டார் என்பது தொழிலில் உள்ள எல்லோரும் அறிந்த கதை. ஐம்பது வருடங்கள் தாண்டிவிட்டன. அந்த 'ஈ' இன்னும் வரவில்லை.

ஆகவே உள்ளே இருக்கும் பிழையை எல்லாம் விட்டுவிடலாம் என்று எண்ணிவிடாதீர்கள். மாஸ்டர்கார்ட் நிறுவனத்தின் இணையப் பெயர்களுக்கு வழிகாட்டும் அமைப்பில், ஐந்து வழங்கிகளில் ஒன்றின் பெயர் 'நெட்' என்று முடிவதற்குப் பதிலாகக் கடைசி எழுத்து விடுபட்டு 'என்ஈ' என்று முடிந்திருந்தது. 'என்ஈ' என்பது ஆபிரிக்காவிலுள்ள நைஜர் நாட்டுக்குரிய இணையக் குறியீடு. 2020 ஜூன் முதல் 2025 ஜனவரி வரை, நாலரை வருடங்கள், யாரும் காணவில்லை. கடைசியில் அதைக் கண்ட பாதுகாப்பு ஆய்வாளர் ஒருவர், கெட்டவர் கையில் போய்விடக்கூடாதென்று 300 டொலர் செலவழித்து அந்தப் பெயரைத் தானே பதிவு செய்துகொண்டார். தமது அமைப்புகளுக்கு ஆபத்து ஏற்படவில்லை என்று சொல்லிய நிறுவனம், பிழையைத் திருத்திக்கொண்டது. அந்தப் பெயரை வேறொருவர் முந்தியிருந்தால், அந்த நிறுவனத்தைத் தேடி வரும் இணையப் போக்குவரத்தில் ஒரு பகுதியைத் தன் பக்கம் திருப்பப் பார்த்திருக்கலாம். முகவரியில் உள்ள பிழை அடுத்த வீட்டுக்கதவைத் தட்டும் பிழை. அதை அன்றைக்கே திருத்த வேண்டும்.

எழுத்துப்பிழையால் வரும் இன்னொரு தொல்லை தேடல். பேரேட்டில் ஒருவரின் பெயரை 'மொஹமட்' என்று ஒரு பக்கத்திலும் 'முஹம்மத்' என்று இன்னொரு பக்கத்திலும் எழுதினால் ஒரே ஆளுக்கு இரண்டு கணக்காகிவிடும். எங்கள் கடைகளில் இது தினமும் நடப்பது. மூலநிரலிலும் அப்படியே. வரி கணக்கிடும் இடங்களை எல்லாம் மாற்ற வேண்டும் என்று ஒருவர் தேடும்போது, ஓரிடத்தில் சொல் பிழையாக இருந்தால் அந்த இடம் தேடலில் வராது. வற் வரி வீதம் மாறும்போது ஒரு பில் மட்டும் பழைய வீதத்தில் அச்சாவதற்கு இப்படியும் ஒரு காரணம் இருக்கலாம். லினக்ஸின் மூலநிரலுக்குச் சிறு திருத்தங்களை அனுப்புவதற்கென இருந்த விதிகளில், ஆவணங்களின் எழுத்துப்பிழைகளோடு, தேடலைக் கெடுக்கும் எழுத்துப்பிழைகளும் தனியாகவே குறிப்பிடப்பட்டிருந்தன. தொழில் தெரிந்தவர்கள் போட்ட விதி அது.

அதே லினக்ஸின் மூலநிரலோடு ஒரு சாதாரணக் கோப்பு இருக்கிறது. ஒவ்வொரு வரியிலும் ஒரு பிழையான சொல், அதன் பக்கத்தில் சரியான சொல். இப்படி ஆயிரத்துக்கும் மேல். புதிதாக ஒருவர் எழுதி அனுப்பும் வரிகளைச் சோதிக்கும் கருவி இந்தப் பட்டியலைப் பார்த்துப் பிழையைச் சுட்டிக்காட்டும். 'கோட்ஸ்பெல்' என்ற இலவசக் கருவியும் இந்த முறையில்தான் வேலை செய்கிறது. நாம் கடிதம் எழுதும் மென்பொருளிலுள்ள பிழைதிருத்தி, அகராதியில் இல்லாத ஒவ்வொரு சொல்லுக்கும் சிவப்புக் கோடு போடும். பாத்திமாவுக்கும் கோடு, ரிஸ்வானுக்கும் கோடு, மாவனல்லைக்கும் கோடு. மூலநிரலில் சுருக்கெழுத்துக்களும் புதுப்பெயர்களும் நிறைந்திருப்பதால் அந்தப் பிழைதிருத்தியை அங்கே விட்டால் பக்கமெல்லாம் சிவப்பாகிவிடும். கோட்ஸ்பெல் மாறாக, பிழை என்று ஏற்கனவே தெரிந்த சொற்களை மட்டும் பிடிக்கும். பெயர் தெரியாத எல்லோரையும் வாசலில் மறிக்கும் காவலாளி ஒருவன், தெரிந்த திருடர்களின் படத்தைக் கையில் வைத்திருப்பவன் இன்னொருவன். கடைக்கு இரண்டாமவனே பொருத்தம். உங்கள் மென்பொருள்காரரிடம் இந்தக் கருவியை ஓட்டிப் பார்த்தீர்களா என்று கேளுங்கள். சில நிமிட வேலை. ஆனால் அது காட்டும் இடங்களைத் தானாகத் திருத்த விடாமல், ஒவ்வொன்றாகப் பார்த்துத்தான் திருத்தவேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

எங்கள் பிள்ளைகள் படிக்கும் ஆங்கிலம் பிரித்தானிய ஆங்கிலம் என்பதையும் இங்கே சொல்லவேண்டும். நிறத்துக்கான 'கலர்' என்ற சொல்லில் நாம் 'யூ' போடுவோம். இணையப்பக்கங்களின் அழகைக் குறிக்கும் மொழி அமெரிக்க எழுத்தை, 'யூ' இல்லாததை மட்டுமே அறியும். பாடசாலையில் படித்தபடி சரியாக எழுதினால் உலாவி அந்த வரியைப் பேசாமல் தாண்டிப் போய்விடும். கடைத்தளத்தின் பெயர் பச்சையில் வரவில்லை என்று அரைநாள் தேடிய பையனை எனக்குத் தெரியும்.

கண்ணில் படும் சொற்களைத் திருத்துவதிலும் கவனம் வேண்டும் என்று சொன்னேனல்லவா? திறந்த மூல மென்பொருட்கள் பலவற்றில் மொழிபெயர்ப்பு எப்படி நடக்கிறதென்றால், ஆங்கில வசனமே சாவி, தமிழ் வசனம் அதற்குரிய பெட்டி. ஆங்கில வசனத்தில் ஓர் எழுத்தைத் திருத்தினாலும் சாவி மாறிவிடுகிறது. பழைய தமிழ் வசனம் 'சந்தேகத்துக்குரியது' என்று ஒதுக்கப்பட்டு, யாராவது பார்த்து உறுதி செய்யும்வரை திரையில் ஆங்கிலமே வரும். ஆங்கிலத்தில் பிழை போனதால் தமிழ் காணாமற் போகும். இதனாலேயே குனோம் போன்ற பெரிய திட்டங்களில் புதிய பதிப்பு வெளிவருவதற்கு முன் சில வாரங்களுக்கு வசனங்களில் கை வைக்கக்கூடாது என்று தடை போடுகிறார்கள்.

தமிழின் பிழைகள் தனி இரகம். 'கழிவு' என்பது 'களிவு' என்றும், 'பற்று' என்பது 'பற்ரு' என்றும் அச்சான பில்களை எல்லோரும் கண்டிருப்பீர்கள். கணனியா கணினியா என்பதையே நாம் இரண்டு விதமாகவும் எழுதுகிறோம், அது போகட்டும். ஆனால் பழைய பாமினி எழுத்துருவில் செய்த மென்பொருட்களில் நிலைமை மோசம். பாமினியில் தமிழ் எழுத்துக்கள் உள்ளுக்குள் ஆங்கில எழுத்துக்களாகவும் புள்ளிகளாகவுமே சேமிக்கப்படும். மூலநிரலைத் திறந்தால் பொருளற்ற ஆங்கிலக் குவியல்தான் தெரியும். தமிழ் தெரிந்தவரும் அதில் பிழையைக் காணமாட்டார். எந்தக் கருவியாலும் தேட முடியாது. இப்படியான மென்பொருள் இன்னும் உங்கள் கடையில் இருந்தால், தமிழ் வரிகளை யுனிகோடுக்கு மாற்றித் தரும்படி கேளுங்கள். எழுத்துப்பிழையை அதன் பிறகு பார்க்கலாம்.

மகனோ மகளோ கணினி படிக்கிறார்கள், தொழிலுக்குள் எப்படி நுழைவது என்று என்னிடம் கேட்கும் பெற்றோர் உண்டு. திறந்த மூல மென்பொருட்களின் ஆவணங்களில் எழுத்துப்பிழை திருத்தி அனுப்புவது நல்லதொரு வாசல். திருத்தம் சிறியதானாலும், மூலப்பிரதியை எடுப்பது, மாற்றத்தை விளக்கி எழுதுவது, மூத்தவர்கள் சொல்லும் குறையைக் கேட்டு மீண்டும் அனுப்புவது என்று முழுத் தொழிலொழுங்கும் அதில் இருக்கிறது. கூகுள் நிறுவனம் 2005இல் தொடங்கிய கோடைகாலத் திட்டத்தில், உலகிலேயே அதிக மாணவர்கள் தெரிவான பல்கலைக்கழகமாக எமது மொறட்டுவைப் பல்கலைக்கழகம் பல வருடங்கள் இருந்திருக்கிறது.

ஆனால் எண்ணிக்கைக்காகச் செய்தால் கெட்ட பெயர்தான் மிஞ்சும். டிஜிட்டல்ஓஷன் நிறுவனம் ஒவ்வொரு ஒக்டோபரிலும் நடத்தும் நிகழ்வில், நான்கு திருத்தங்கள் அனுப்பினால் ஒரு டீ-சேர்ட் என்று வைத்திருந்தார்கள். 2020இல் அந்த டீ-சேர்ட்டுக்காக ஆயிரக்கணக்கானோர் சரியான சொல்லையும் மாற்றி, தேவையில்லாத சொல்லையும் நுழைத்து அனுப்பித் தள்ளினார்கள். சம்பளமின்றி வேலை செய்யும் பொறுப்பாளர்கள் குமுறியதில், நிகழ்வு தொடங்கிய சில நாட்களுக்குள்ளேயே விதியை மாற்றி, விரும்பிச் சேரும் திட்டங்களுக்கு மட்டும் என்று ஆக்கவேண்டி வந்தது. இலவசம் என்ற சொல்லைக் கடைவாசலில் தொங்கவிட்டவர்களுக்கு இது புதுமையாக இருக்காது.

புதிதாக மென்பொருள் வாங்குகிறவர்கள் ஒன்று செய்யலாம். திரையிலும் பில்லிலும் அறிக்கையிலும் வரும் எல்லாச் சொற்களையும் தனித்தாளில் அச்சிட்டுத் தரும்படி, முற்பணம் கொடுக்குமுன் கேளுங்கள். ஒழுங்காக எழுதப்பட்ட மென்பொருளில் இந்தச் சொற்கள் ஏற்கனவே ஒரு கோப்பில் ஒன்றாக இருக்கும், பத்து நிமிடத்தில் எடுத்துவிடலாம். "அது கஷ்டம், எல்லா இடத்திலும் சிதறிக் கிடக்கிறது" என்று பதில் வந்தால், பின்னால் ஒவ்வொரு திருத்தத்துக்கும் அவர் உங்களிடம் ஒருநாள் கூலி கேட்பார் என்று இப்போதே தெரிந்துகொள்ளலாம். தாள் வந்ததும், தமிழையும் சிங்களத்தையும் ஆங்கிலத்தையும் அந்தந்த மொழி நன்றாக வாசிக்கும் ஒருவரிடம் கொடுங்கள். உயர்தரம் படிக்கும் மகள் போதும். பார்த்து முடிந்த தாளில் இரு பக்கமும் கையெழுத்திட்டு, தாளிலுள்ள பிழைகளை ஒப்படைக்குமுன் இலவசமாகத் திருத்த வேண்டும் என்றும், ஒப்படைத்த பின்னர் உள்ளே இருக்கும் எந்தப் பெயரையும் கிளைகளில் சோதித்துப் பார்க்காமல் மாற்றக்கூடாது என்றும் ஒப்பந்தத்தில் இரண்டு வரி சேர்த்துவிடுங்கள். கையெழுத்துக்குப் பிறகு உங்கள் மனம் மாறி வேறு சொல் கேட்டால், அதற்கு அவர் காசு கேட்பது நியாயம்.